உச்சிப் பொழுதின் அமானிதம்

(லப்பைக்குடிக்காடு - கோடை விடுமுறைக் கால ஜும்ஆ உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும் உரித்தாகுக! அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அடிச்சுவட்டைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் நின்று நிலவட்டுமாக! ஆமீன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! இல்லங்களிலிருந்து இவ்வுரையைச் செவியுறும் தாய்மார்களே!

பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டுவிட்டன. மே மாதம் 4ஆம் நாள் தொடங்கி 28ஆம் நாள் வரை நீடிக்கும் என்று நம் மக்கள் கணக்கிட்டு வைத்திருக்கும் கத்திரி வெயில் தலைக்கு மேல் நிற்கிறது. காலை பத்து மணிக்குள் தெருக்கள் வெறிச்சோடிவிடுகின்றன. பெரியவர்கள் நிழலைத் தேடி ஒதுங்கிக்கொள்கிறோம். பிள்ளைகளோ வீட்டின் நான்கு சுவர்களுக்குள் காலையிலிருந்து மாலை வரை சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒருவன் அழுகிறான், ஒருத்தி பிடுங்குகிறாள், ஒரு கைக்குழந்தை வியர்க்குருவால் உறங்காமல் சிணுங்குகிறது. மின்சாரம் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் உலை வைக்கிறாள், துணி துவைக்கிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், சண்டை தீர்க்கிறாள்.

இந்தக் காட்சி நம்மில் பெரும்பாலோருக்குப் பழகிப்போன ஒன்று. பழகிப்போனதால் இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று எண்ணுகிறோம். தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ்ஜு இவைதாம் இபாதத். பிள்ளைகளோடு வீட்டில் கழியும் பகல் வெறும் பகல் என்று கருதுகிறோம். ஆனால் அந்தப் பகலைப் பற்றியே நம்மிடம் மறுமையில் கேட்கப்படும். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர். உங்கள் பொறுப்பில் விடப்பட்டவர் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அதே ஹதீஸில் ஆணைத் தன் குடும்பத்தின் மேய்ப்பர் என்றும், பெண்ணைத் தன் கணவரின் இல்லத்திற்கும் பிள்ளைகளுக்கும் மேய்ப்பர் என்றும் பிரித்துச் சொன்னார்கள். மேய்ப்பவன் என்றாலே கண் மந்தையின் மீது இருக்க வேண்டும். புல் வாங்கிப் போட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ஆகவே இன்று ஒரே ஒரு கேள்வியை முன்வைக்கிறோம். கோடையின் உச்சிப் பொழுதில் நம் பிள்ளைகள் யாருடைய பொறுப்பில் இருக்கிறார்கள்?

உச்சிப் பொழுதும் திருமறையும்

வீட்டிலிருக்கும் சிறு பிள்ளைகளையும் வெயிலேறிய நண்பகலையும் ஒரே வசனத்தில் வைத்துப் பேசுகிறது அல்லாஹ்வின் திருமறை. சூரா அந்நூர் 58ஆம் வசனத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். பருவம் எய்தாத பிள்ளைகளும், வீட்டுப் பணியாளரும் மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே பெரியவர்களின் அறைக்குள் வர வேண்டும் என்று அங்கே கட்டளை இடப்படுகிறது. ஃபஜ்ருத் தொழுகைக்கு முன்னர். நண்பகலில் ஆடைகளைக் களைந்து ஓய்வு கொள்ளும் நேரம். இஷாத் தொழுகைக்குப் பின்னர். இம்மூன்றும் மறைவுக்குரிய வேளைகள் என்று கூறிய இறைவன், ஏனைய நேரங்களில் அவர்கள் உங்களிடம் வந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள்; அதனால் உங்கள் மீதும் அவர்கள் மீதும் குற்றமில்லை என்ற பொருள்பட முடிக்கிறான்.

சகோதரர்களே! இவ்வசனத்தில் மூன்று பாடங்கள் உள்ளன. தாய்க்கும் தந்தைக்கும் நண்பகலில் ஓய்வு உண்டு. அந்த ஓய்வுக்கு மரியாதை உண்டு. இது முதல் பாடம். விடியலில் எழுந்த பெண் மதியம் ஒரு நாழிகை கண்ணயர்ந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லும் மாமியாரும் கணவரும் இந்த வசனத்தை ஓதிப் பார்க்கட்டும்.

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒழுக்கம் கற்றுக்கொடுக்க முடியும் என்பது இரண்டாவது பாடம். கதவைத் தட்டு, ஸலாம் சொல், உள்ளே வரலாமா என்று கேள் என்ற பழக்கம் நாணத்தின் முதல் படி. அதைக் கற்றுக்கொடுக்க விடுமுறையைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. நாமும் வளர்ந்த பிள்ளையின் அறைக்குள் நுழையுமுன் குரல் கொடுத்தால், சொல்லாமலே அது அவர்களுக்குப் பாடமாகிவிடும்.

மூன்றாவதாக, குழந்தைகள் சுற்றிச் சுற்றி வருவது குற்றமன்று என்பது. அல்லாஹ்வே அவர்களின் அந்த இயல்பை ஏற்றுக்கொண்டு சட்டம் வகுக்கிறான். ஓரிடத்தில் உட்காராத பிள்ளையை ஷைத்தான் என்று ஏசும் நாவை நாம் கட்டுப்படுத்த வேண்டும். படைத்தவன் ஏற்றுக்கொண்ட இயல்பைப் பெற்றவர்கள் சாபமாக ஆக்கக் கூடாது.

வெயிலில் ஓடிய தாய்

ஊரின் வாழ்க்கை முறையை நினைத்துப் பாருங்கள். வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கும் இவ்வூரிலிருந்து பொருள் தேடி வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் பலர். அவர்களின் உழைப்பால் வீடுகள் எழுந்தன, குமர்கள் கரை சேர்ந்தன, பிள்ளைகள் படித்தார்கள். மறுக்க முடியாது. ஆயினும் பல இல்லங்களில் இந்தக் கோடையைத் தனியாகச் சுமப்பவள் தாய்தான்.

அத்தகைய தாய்க்கு இஸ்லாம் தந்திருக்கும் இடம் என்ன? அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் மனைவியையும் பால்குடி மறவாத இஸ்மாயீலையும் பயிர் விளையாத பள்ளத்தாக்கில் விட்டுச் சென்றபோது அவர்களிடம் இருந்தவை ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோல்துருத்தித் தண்ணீரும் மட்டுமே. இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்டு, ஆம் என்று அறிந்ததும், அப்படியாயின் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று உறுதி கொண்டார்கள் அந்த அம்மையார். தண்ணீர் தீர்ந்தது. குழந்தை தாகத்தால் துடித்தது. பார்க்கப் பொறுக்காத தாய் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு முறை ஓடினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸில் (புகாரி) இவ்வரலாறு விரிவாக வருகிறது.

அந்த ஓட்டத்தை அல்லாஹ் என்ன செய்தான்? கியாமத் நாள் வரை ஹஜ்ஜிலும் உம்ராவிலும் அரசனும் ஆண்டியும் ஓட வேண்டிய வணக்கமாக ஆக்கிவிட்டான்! ஒரு தாய் தன் குழந்தையின் தாகத்திற்காக வெயிலில் ஓடிய ஓட்டம் அது. ஸஃயு செய்துவிட்டு ஊர் திரும்பும் ஹாஜிகள், தம் வீட்டில் தினமும் நடக்கும் ஸஃயைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாமா?

மற்றொரு தாயையும் ஹதீஸ் நூல்கள் நமக்குக் காட்டுகின்றன. இரண்டு பெண் மக்களோடு வந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மூன்று பேரீச்சம்பழங்கள் கொடுத்தார்கள். மகள்கள் இருவருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டுத் தனக்குரியதை வாய்க்குக் கொண்டுபோனாள் அவள். பிள்ளைகள் அதையும் கேட்டார்கள். இரண்டாகப் பிளந்து இருவருக்கும் கொடுத்துவிட்டாள். அதன் பொருட்டு அல்லாஹ் அவளுக்குச் சுவனத்தை விதித்தான் என்ற நற்செய்தியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (முஸ்லிம்). தன் பங்கு மாம்பழத் துண்டையும் நுங்கையும் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்துவிட்டு வெறும் வாயோடு எழுந்துபோகும் தாய்மார்களே! யாரும் பார்க்கவில்லை என்று எண்ணாதீர்கள். பார்ப்பவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கோபத்தை அணைக்கும் தண்ணீர்

இனி, மனம் வலித்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. வெயில் உடலைச் சுடுகிறது. அந்தச் சூடு நாவிற்கும் கைக்கும் ஏறுகிறது. கோடை மதியத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். தண்ணீரைக் கொட்டியதற்காக, தூங்கும் தம்பியை எழுப்பியதற்காக, ஓயாமல் கேள்வி கேட்டதற்காக அடி விழுகிறது. அடித்த தாய் சற்று நேரத்தில் அழுகிறாள். அடிபட்ட பிள்ளை அழுதழுது உறங்கிவிடுகிறது.

அல்லாஹ்வின் பாதையில் போரிட்ட தருணம் தவிர, பெருமானார் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கரத்தால் அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி பகர்கிறார்கள் (முஸ்லிம்). சிறுவராகப் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி) அவர்கள், பத்து ஆண்டுகளில் தம்மிடம் ஒரு முறை கூட நபியவர்கள் சலிப்புச் சொல் சொன்னதில்லை என்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அதுவும் மதீனாவின் வெயிலில்!

கோபம் வந்தால் நிற்பவர் அமரட்டும், அப்போதும் தணியாவிட்டால் சாய்ந்து படுக்கட்டும் என்றும், கோபத்தின்போது உளூச் செய்யுமாறும் வழிகாட்டும் அறிவிப்புகள் அபூதாவூதில் உள்ளன. கோடைக்கு இதைவிடச் சிறந்த மருந்து ஏது? கை ஓங்குவதற்கு முன் குழாயடிக்குச் செல்லுங்கள். முகத்திலும் கையிலும் தண்ணீர் படட்டும். பிள்ளையையும் அழைத்து உளூச் செய்ய வையுங்கள். இருவரின் சூடும் ஒருசேர இறங்கும்.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையில், மகனைக் கொஞ்சி விளிக்கும் சொல்லையே இறைவன் மறையில் பதித்து வைத்திருக்கிறான். அதே அறிவுரையின் இறுதியில் குரலைத் தாழ்த்துமாறு வருகிறது (31:19). உரக்கக் கத்தும் வீட்டில் வளரும் பிள்ளை, குரலைத் தாழ்த்து என்ற உபதேசத்தை எங்கிருந்து கற்கும்?

குருவியை விசாரித்த நாயகம்

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூஉமைர் என்றொரு சின்னத் தம்பி இருந்தார். அவரிடம் ஒரு சிறு பறவை இருந்தது, விளையாடி மகிழ்வார். பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த இல்லத்திற்கு வரும்போது, உன் குருவி என்ன ஆயிற்று என்று அந்தச் சிறுவரிடம் விளையாட்டாக விசாரிப்பார்கள் (புகாரி, முஸ்லிம்). அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்களின் இல்லத்தில் தோல் விரிப்பு விரிக்க, பெருமானார் நண்பகல் துயில் கொள்வதும் உண்டு என்று புகாரியில் வருகிறது.

எவ்வளவு பெரிய பொறுப்பு அவர்களுக்கு! வஹீ இறங்குகிறது; படைகள் புறப்படுகின்றன; தூதுக்குழுக்கள் வருகின்றன. அத்தனைக்கும் இடையில் ஒரு குழந்தையின் குருவியை நினைவில் வைத்துக் கேட்கிறார்கள். நம் பிள்ளையின் உயிர்த்தோழன் யார், அவன் எதற்குப் பயப்படுகிறான், எந்தப் பாடம் கசக்கிறது என்பது நமக்குத் தெரியுமா? அபூஉமைர் இளவயதிலேயே இறையடி சேர்ந்துவிட்டதாக ஹதீஸ் விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். குருவியை விசாரிக்கக் கிடைத்த நாட்கள் சிலவே. நமக்கும் பிள்ளைகளின் பிள்ளைப்பருவம் சில கோடைகளே.

ஜமாஅத்துத் தொழுகையில் குழந்தை அழும் குரல் கேட்டால், அதன் தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (புகாரி). பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதவர்கள் (புகாரி). தமக்குப் பத்துப் பிள்ளைகள் உண்டு, ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸ் அவர்களை நோக்கி, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் எச்சரித்தவர்கள் (புகாரி). பிள்ளையைக் கொஞ்சினால் மரியாதை குறைந்துவிடும் என்று எண்ணும் அத்தாமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளூரில் இருக்கும் அத்தாமார்களுக்கு

பெருமானார் (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாருக்கு ஒத்தாசையாக வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற பதிலை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தந்தார்கள் (புகாரி).

கடையை மதியம் அடைத்துவிட்டு வீட்டிற்கு வருகிறோம். சோறு வந்தாக வேண்டும். பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே நமக்கு இடம் வேண்டும். இது சுன்னத்தான வருகையா? உண்டு முடித்தபின் அரை மணி நேரம் பிள்ளைகளை நாம் வைத்துக்கொண்டால் அந்தத் தாய் நிம்மதியாகத் தொழுவாள். ஒரு வாய் சோறு சூடாக உண்பாள். குளிப்பாட்டுவதும், நகம் வெட்டுவதும், அல்ஹம்து சூராவைத் திருத்திக்கொடுப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. உண்ணும் தட்டில் கையை அலையவிட்ட சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவுக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லவும் வலக்கையால் உண்ணவும் தமக்கு அருகிலிருப்பதை எடுக்கவும் கற்பித்தவர்கள் நபியவர்களே (புகாரி). உடன் அமர்ந்து உண்டால்தானே கற்பிக்க முடியும்?

இன்னொரு அநீதியும் இங்கே உண்டு. விடுமுறை வந்துவிட்டால் மகனுக்கு விளையாட்டு, மகளுக்குப் பாத்திரம் என்று பிரித்துவிடுகிறோம். ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்த நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தையிடம், பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு பெருமானார் (ஸல்) ஏவினார்கள் (புகாரி). வீட்டு வேலையிலும் விளையாட்டிலும் நீதம் வேண்டும். தன் தட்டைத் தானே கழுவும் மகன் நாளை நல்ல கணவனாவான்.

கடல் கடந்திருக்கும் அத்தாமார்களுக்கு

இவ்வுரையைப் படிக்கும் வெளிநாட்டுச் சகோதரர்களே! உங்கள் வெயிலையும் நாம் அறிவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சவூதியிலும் குவைத்திலும் இதுபோன்ற தடை உண்டு. அந்த அளவுக்குக் கடுமையான வெயிலில் குடும்பத்திற்காக உழைக்கிறீர்கள். அல்லாஹ் அதை ஸதகாவாக ஏற்றுக்கொள்வானாக!

ஆனால் பணம் வந்து சேரும் வீட்டிற்கு அத்தாவின் குரலும் வந்து சேர வேண்டும். ஊரில் பிள்ளை உறங்கப்போகும் இரவு 9 மணி, துபாயில் 7.30, ரியாதிலும் குவைத்திலும் 6.30. நீங்கள் இஷா முடித்து, உணவு உண்டு, ஓய்வாக அழைக்கும் நேரத்தில் பிள்ளை உறங்கிவிடுகிறான். அழைப்பு மனைவியோடு வரவு செலவு பேசுவதில் முடிந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாட்களாவது பிள்ளைக்கென்று பத்து நிமிடம், பிள்ளையின் கடிகாரப்படி ஒதுக்குங்கள். இன்று எந்த சூரா ஓதினாய், எந்த விளையாட்டில் வென்றாய் என்று கேளுங்கள். தாய் குறை சொன்ன பிள்ளையைத் தொலைபேசியில் மிரட்டுவதற்கு மட்டுமே வரும் அத்தாவை அந்தப் பிள்ளை நேசிக்குமா?

வாக்குறுதியில் எச்சரிக்கை வேண்டும். ஒரு தாய் தன் மகனை, இங்கே வா, ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று பெருமானார் (ஸல்) கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற பொருளில் அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத்). அடுத்த மாதம் வந்துவிடுவேன், சைக்கிள் வாங்கி வருவேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடும் சொற்களைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், மலக்குமார்களும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

உடலும் ஓர் அமானிதம்

உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. ஆகவே இவற்றையும் மிம்பரில் சொல்லியாக வேண்டும்.

பிறந்து ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கோடையிலும் தாய்ப்பால் மட்டுமே போதும். தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். அடிக்கடி பால் கொடுங்கள். கொடுக்கும் தாய் தண்ணீரும் மோரும் நிறையக் குடிக்கட்டும். வளர்ந்த பிள்ளைகள் தாகம் என்று சொல்லும் வரை காத்திராமல் நீங்களே கொடுங்கள். காலை 11 முதல் மாலை 3 மணி வரை வெளியில் அனுப்பாதீர்கள். வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் அளவு. உப்பு கூடினால் கேடு. உடல் கொதித்து, பேச்சுக் குழறி, மயங்கினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறி, உடனே 108 ஊர்தியை அழையுங்கள். ஓதிப் பார்ப்பதற்காக மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதிக்காதீர்கள். மருத்துவம் செய்துகொண்டே ஓதலாம்.

அடுத்தது தண்ணீர். நம் வட்டாரம் மானாவாரி பூமி. வயல்வெளிகளில் ஆழமான கிணறுகள் உள்ளன. சுற்றுச்சுவர் இல்லாதவையும் உண்டு. ஆற்று மணலில் பள்ளங்கள் உண்டு. கோடை மழை பெய்து நீர் தேங்கினால் ஆழம் தெரியாது. வெயிலுக்குக் குளிக்கப் போகிறோம் என்று பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பும் காலம் இது. நீச்சல் அறிந்த பெரியவர் துணையின்றி ஒரு பிள்ளையும் நீர்நிலைப் பக்கம் போகக் கூடாது. வீட்டுக்குள் தவழும் குழந்தைக்குத் தண்ணீர் நிறைந்த வாளியும் ஆபத்துதான்.

பக்கத்துத் திருச்சி மாவட்டத்தில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். நாடே துஆச் செய்தது. நான்கு நாட்களுக்குப் பின் அக்டோபர் 29 அன்று உயிரற்ற உடலே கிடைத்தது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை நிரப்பி மூட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டிருந்தது. பாதையில் கிடக்கும் தீங்கு தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஓதும் நாம், நம் நிலத்தில் திறந்து கிடக்கும் குழியை மூடிவிட்டோமா?

அந்தி சாயும் நேரத்தில் பிள்ளைகளை வெளியில் விடாமல் தடுத்துக்கொள்ளுமாறும், பாத்திரங்களை மூடி வைக்குமாறும், உறங்குமுன் விளக்கை அணைக்குமாறும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் வருகிறது (புகாரி). மஃரிப் பாங்கு ஒலிக்கையில் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வரட்டும்.

கைப்பேசி என்னும் செவிலி

மதியத்தில் பிள்ளை அடங்க வேண்டுமென்றால் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். களைத்துப்போன தாய் அதைச் செய்வதன் காரணம் புரிகிறது. அவளை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நாம் எத்தனை மணி நேரம் கொடுக்கிறோம்? வெளிநாட்டு அத்தாவின் முகத்தைக் காட்டும் கருவியே, நம் கண் விலகினால், காணத்தகாததையும் காட்டுகிறது.

பறித்தால் மட்டும் போதாது. பதிலுக்கு ஒன்று தர வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளோடு தோழியர் சூழ விளையாடியதையும், வெட்கி ஒளிந்த தோழியரைப் பெருமானார் (ஸல்) மீண்டும் விளையாட அனுப்பியதையும் ஹதீஸில் காண்கிறோம் (புகாரி). விளையாட்டு குழந்தையின் உரிமை. பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும் இன்னும் ஓடிப்போய்விடவில்லை. மாடியில் வடகம் காயவைக்கும்போது காக்கை விரட்டும் வேலையைக் கொடுங்கள், பெருமையாகச் செய்வார்கள். பறவைகளுக்குச் சட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்ற வரலாற்றை (புகாரி) அப்போது சொன்னால் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். பாட்டிமார்களிடம் நபிமார்களின் சரித்திரம் கேட்கட்டும்.

விடுமுறையில் ஊர் வரும் அத்தாமார்களே! உறவினர் விருந்துகளுக்கிடையில் ஒரு காலையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் நம் மாவட்டத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டையைக் காட்டிவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பலாம். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்தில் கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும், இப்பகுதி ஒரு காலத்தில் கடலாயிருந்தது என்றும் ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். பூமியில் சுற்றித் திரிந்து, படைப்பை அவன் எப்படித் தொடங்கினான் என்று பார்க்குமாறு ஏவும் வசனத்தை (29:20) அந்த மரத்தின் அருகே நின்று விளக்கிச் சொல்லுங்கள்.

மஹல்லாவின் கடமை

பள்ளியில் தொழவைத்து, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரை லப்பை என்று அழைப்பது தமிழ் முஸ்லிம்களின் நெடுநாள் வழக்கு. அந்தச் சொல்லையே தன் பெயரில் தாங்கிய ஊர் இது. பிள்ளைகளின் பொறுப்பை வீட்டுக்கு வீடு தனித்தனியே விட்டுவிடாமல் மஹல்லாவும் தோள் கொடுக்க வேண்டும்.

கடும் வெயிலில் லுஹரைச் சற்றுக் குளிர்ந்தபின் தொழுமாறு பெருமானார் (ஸல்) அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). தொழுகைக்கே வெயிலைக் கருதிச் சலுகை உண்டென்றால் பிள்ளைகளின் வகுப்புக்கு இல்லாமற் போகுமா? கோடைகால தீனிய்யாத் வகுப்புகள் எங்கே நடந்தாலும் காலை பத்து மணிக்குள் முடியட்டும். குடிநீரும் காற்றோட்டமும் இருக்கட்டும். பிள்ளை மதரஸாவை நினைத்தால் பிரம்பு நினைவுக்கு வரக் கூடாது. உஸ்தாதின் புன்னகை நினைவுக்கு வர வேண்டும். கணவர் வெளிநாட்டிலிருக்கும் வீட்டில் இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், யாரை அழைப்பது என்று அந்தத் தாய் தவிக்கக் கூடாது. தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்றால் போதும். அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் முறைவைத்து ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் ஓய்வு கிட்டும். இதற்குப் பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

அன்பானவர்களே! இன்னும் சில வாரங்களில் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். அதன்பின் பிள்ளைகள் புத்தக மூட்டைக்குள் போய்விடுவார்கள். பின்னர் கல்லூரி, பின்னர் விமானம். இன்று தொல்லை என்று தோன்றும் சத்தம் ஓய்ந்த வீட்டில் நாம் முதுமையில் தனியே உட்கார்ந்திருப்போம். சிறு வயதில் பெற்றோர் தம்மைப் பரிவுடன் வளர்த்ததை நினைத்து, அவர்கள் மீது ரஹ்மத் செய் என்று பிள்ளைகள் இறைஞ்சக் குர்ஆன் கற்றுக்கொடுக்கிறது (17:24). அந்த துஆவுக்கு அடிப்படை, நாம் இன்று காட்டும் பரிவு.

இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது நேரே ஓய்வெடுக்கப் போகாதீர்கள். ஸலாம் சொல்லி நுழையுங்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் தாயை, நீ சற்றுப் படுத்துக்கொள் என்று சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கட்டும் இந்தக் கோடையின் இபாதத்.

யா அல்லாஹ்! எங்கள் துணைவியரையும் மக்களையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களுக்கு அன்னை ஹாஜருக்கு அளித்த உறுதியை அளிப்பாயாக! கடல் கடந்து உழைப்போரைக் காத்து, குடும்பத்தோடு சேர்த்து வைப்பாயாக! எங்கள் சிறார்களை வெயிலிலிருந்தும் நீரின் ஆபத்திலிருந்தும் தீய சகவாசத்திலிருந்தும் பாதுகாப்பாயாக! எங்கள் கைகளையும் நாவுகளையும் ரஹ்மத்துடையவையாக ஆக்கியருள்வாயாக! நல்ல மழையைப் பொழிந்து எங்கள் நிலத்தையும் உள்ளங்களையும் குளிரச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.